அளவுக்கல் அம்மன்

எனக்கு வாய் ஜாஸ்தி. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பிறகு யாரும் குறை சொல்லக் கூடாது. திருவண்ணாமலையை ஒட்டின வேங்கிக்காலில் ஒரு வீட்டு மாடியில் எங்கள் ஆபீஸ் இருந்தது. அங்கே வேலை பார்த்த வருஷமெல்லாம் நான் கத்தினேன், கெஞ்சினேன், மேசையைத் தட்டினேன், அழக்கூட அழுதேன். எல்லாம் செவிடன் காதில் ஊதின சங்கு.

திருவண்ணாமலை தனி மாவட்டம் ஆன வருஷம் நான் பாலிடெக்னிக்கில் சிவில் சேர்ந்தேன். "பொம்பளப் புள்ள செங்கல் தூக்கவா போவுது?" என்று சொந்தக்காரர்கள் சிரித்தார்கள். சிரிக்கட்டும் என்று படித்தேன். படிப்பு முடிந்து கொஞ்ச காலம் மேஸ்திரிகளோடு மல்லுக்கு நின்றேன். தொண்ணூறுகளின் கடைசியில்தான் இந்த வேலை கிடைத்தது.

எங்கள் மாவட்டத்தின் குறுக்கே ஒரு பெரிய ரோடு வரப் போகிறது. கடன் கொடுக்கிற வெளிநாட்டுக்காரர்கள் ஒரு நிபந்தனை போட்டிருந்தார்கள். ரோடோ அணையோ பாலமோ, பெரிதாக எதைக் கட்டினாலும் மண்ணும் தண்ணீரும் மரமும் மனுஷரும் கெடாமல் கட்ட வேண்டும். அதற்கு விதிகள் எழுத வேண்டும். எங்கள் ரோட்டை வைத்தே எழுதிப் பழக வேண்டும், தேறினால் மற்ற பெரிய வேலைகளுக்கும் அதையே வைத்துக்கொள்ளலாம். நீடித்து நிற்கும் வளர்ச்சிக்கான தரநிலைகள் என்று அதற்குப் பெயர். அவ்வளவு நீளமாக யார் சொல்வது? ஸ்டாண்டர்ட்ஸ் என்போம். ரோடு வரும் வழியெல்லாம் நடந்து, எங்கே கிணறு, எங்கே மரம், எங்கே வீடு என்று பார்த்து எழுதுவதும், எழுதின விதிகளைத் தமிழில் ஆக்கி ஊர் ஊராகப் படித்துக் காட்டுவதும் என் வேலை.

அப்பப்பா, எனக்கு என்ன பெருமை! ரோடு போடுகிறவனுக்கே ரூல் போடுகிறவள் நான். என் அக்காவிடம் அப்படித்தான் பீற்றிக்கொண்டேன்.

அக்காவைக் கீழ்பென்னாத்தூர் பக்கம் ஒரு சின்ன ஊரில் கட்டிக் கொடுத்திருந்தது. அவளுக்கும் மாமாவுக்கும் ஏரிக்குக் கீழே கொஞ்சம் நெல் வயல், மேட்டில் வேர்க்கடலை. ஏரி நிரம்பினால் கிணறு ஊறும். கிணறு ஊறினால்தான் அவர்கள் வீட்டில் உலை கொதிக்கும். மேற்கே இருக்கிற கரட்டுக் குன்றிலிருந்து மழைத் தண்ணீர் ஒரு கால்வாயில் இறங்கி வந்து, பழைய ரோட்டுக்கு அடியில் ஒரு சின்னக் கல் பாலத்துக்குள் நுழைந்து, அந்தப் பக்கம் ஏரியில் விழும். பாலத்தின் வாயில் ஆள் இடுப்பு உயரத்துக்கு ஒரு கருங்கல் நட்டிருக்கும். அளவுக்கல் என்பார்கள். தண்ணீர் அதன் தலையைத் தொட்டால் ஏரி நிரம்பப் போகிறது, கரையைப் பார்த்துக்கொள் என்று அர்த்தம். அந்தக் கல்லுக்கு வேலை அவ்வளவுதான். மாடு அதில் முதுகு சொறியும். பெண்கள் துணி அலசி அதன்மேல் பிழிந்து போடுவார்கள். நானே எத்தனையோ தடவை அதன்மேல் உட்கார்ந்து கடலை தின்றிருக்கிறேன்.

நாங்கள் ரோட்டை அளந்த வருஷங்களில் மழை பொய்த்துவிட்டது. கால்வாய் பூரா வேலிக்காத்தான் முள். பாலத்தின் வாய் மண் மூடிக் கிடந்தது. அங்கே இப்படி ஒன்று இருக்கிறது என்பது ஊர்க்காரர்களுக்குத்தான் தெரியும். ஆபீஸில் வரைபடத்தை விரித்துப் பார்த்தேன். பழைய ரோட்டின் மேலேயே மண்ணைக் கொட்டி, ஆள் உயரத்துக்கு மேல் தூக்கி, புது ரோடு போகிறது. அக்கா ஊர்க் கால்வாய் இருக்கிற இடத்தில் பாலமும் இல்லை, குழாயும் இல்லை. மொழுக்கென்று ஒரு கோடு. அது அப்படியே கட்டப்பட்டால் ஏரிக்கு ஒரு சொட்டு வராது.

"சார், இங்க ஒரு கால்வாய் இருக்கு சார்," என்றேன்.

எங்கள் சார் சென்னைக்காரர். நல்ல மனுஷர், அதுதான் எனக்கு இன்னும் எரிச்சல். கெட்டவராக இருந்திருந்தால் வாய் நிறையத் திட்டிவிட்டுப் போயிருப்பேன். கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு, "அதுல தண்ணி போச்சாம்மா? யாராவது பாத்தீங்களா?" என்று கேட்டார்.

"மழையே இல்ல, எப்படி சார் போவும்?"

"அப்ப நீர்வழினு எழுத முடியாதும்மா. நம்ம ஸ்டாண்டர்ட்ஸ் என்ன சொல்லுது? ஆய்வு நடந்த காலத்துல தண்ணி ஓடினதைப் பாத்திருக்கணும். இல்லாத தண்ணிக்கு எவன் பாலம் கட்டுவான்?"

"மழ பேஞ்சா வருமே சார்!"

"பேயட்டும், பாக்கலாம்," என்று சிரித்தார்.

விதியைத் திருத்துங்கள் என்று எழுதிக் கொடுத்தேன். வறண்டு கிடந்தாலும் தண்ணீர் வரும் வழிக்குத் திறப்பு விட வேண்டும் என்று ஒரே ஒரு வரி. அந்த ஒரு வரிக்கு நான் பட்ட பாடு இருக்கிறதே! சார் மேலே அனுப்பினார். மேலே இருந்தவர்கள் அதற்கும் மேலே அனுப்பினார்கள். தண்ணீர் பற்றிய அத்தியாயம் முடிந்துவிட்டது, இனி அதைத் திறக்க முடியாது என்று பதில் வந்தது. ஏரியின் வாயை அடைப்பார்களாம், அத்தியாயத்தின் வாயைத் திறக்க மாட்டார்களாம். அன்றைக்கு நான் போட்ட சத்தத்தில் கீழ்வீட்டுக்காரம்மா படியேறி வந்து என்ன ஆச்சு என்று கேட்டார்.

வெளிநாட்டிலிருந்து ஒரு மேடமும் எங்களோடு வேலை செய்தார். ஆசிரமத்துப் பக்கம் செங்கம் ரோட்டில் ரூம் எடுத்துத் தங்கியிருந்தார். கோயில், சுடுகாடு, சாமி மரம் என்று ஊர்கள் புனிதமாக நினைப்பதைக் காப்பாற்றுகிற அத்தியாயம் அவருடையது. அவர் சொன்னால் மேலே கேட்பார்கள். ஓடினேன். மொட்டை மாடியில் மலையைப் பார்த்து உட்கார்ந்திருந்தார். நான் சொன்னதையெல்லாம் பொறுமையாகக் கேட்டு, என் கையைப் பிடித்துக்கொண்டு, தண்ணீர் என் அத்தியாயம் இல்லையே என்று ஆங்கிலத்தில் வருத்தப்பட்டார். அங்கே ஒரு கோயில் இருந்தால் என்னால் ரோட்டையே வளைக்க முடியும் என்றார்.

அங்கிருந்து நேராக அக்கா வீட்டுக்குப் போனேன். களியும் கருவாட்டுக் குழம்பும் போட்டாள். வயிற்றெரிச்சலில் உளறிக் கொட்டினேன். "எங்க ஆபீஸ்ல தண்ணிக்கு மரியாத கிடையாது மாமா. அந்த எடத்துல ஒரு அம்மன் இருந்திருந்தா ரோடே சுத்திக்கினு போயிருக்கும்." மாமா களியை உருட்டிக் குழம்பில் தோய்த்துக்கொண்டிருந்தார்.

அடுத்த முறை அந்த வழியாகப் போனபோது அளவுக்கல்லுக்கு மஞ்சள் பூசியிருந்தது. குங்குமம், வேப்பிலை, பக்கத்தில் எலுமிச்சம்பழம் குத்தின ஒரு சூலம். கல்லின் இடுப்பில் அக்காவின் சிவப்புச் சேலையைக் கிழித்துக் கட்டியிருந்தார்கள். சுற்றிலும் முள்ளை வெட்டி, மண்ணை வாரி, பாலத்தின் வாய் நன்றாகத் தெரிகிற மாதிரி சுத்தம் செய்திருந்தார்கள். மாமா நெற்றி நிறையத் திருநீறோடு நின்றார்.

"இன்னா மாமா இது?"

"அம்மன்."

"எந்த அம்மன்?"

"அளவுக்கல் அம்மன்," என்று சொல்லிக் கண்ணடித்தார்.

நான் சிரித்த சிரிப்பில் சைக்கிளில் போனவர் நின்று பார்த்தார். சிரித்துக்கொண்டே இருந்தவள் அப்படியே அழுதுவிட்டேன். ஊரே கூடிச் செய்த வேலை. இந்த ஜனங்களுக்கு இருக்கிற மூளையில் கால்வாசி எங்கள் மாடியில் இருந்திருந்தால்!

மேடம் வந்தார். தூரத்திலேயே செருப்பைக் கழற்றிவிட்டு வெறுங்காலில் நடந்து வந்தார். இந்தச் சாமி எப்போதிலிருந்து இருக்கிறது என்று கேட்டார். "எங்க தாத்தன் காலத்துலேர்ந்து," என்றார் மாமா, கூசாமல். அதை ஆங்கிலத்தில் சொன்னது நான்தான், நானும் கூசவில்லை. கல் தாத்தா காலத்திலிருந்து இருப்பது நிஜம்தானே? கொஞ்ச நாளில் வரைபடம் மாறி வந்தது. ரோடு அந்த இடத்தில் லேசாக வளைந்தது. கல்லும் கல் பாலமும் அப்படியே இருக்க, ரோட்டுக்கு அடியில் தண்ணீர் போக ஒரு திறப்பு. ஊரில் பொங்கல் வைத்தார்கள். அக்கா என் வாயில் சர்க்கரையை அள்ளித் திணித்து, "உன் வாய் ஒரு தடவயாவது நல்லது பண்ணுச்சுடி," என்றாள்.

அதோடு நின்றிருக்கக் கூடாதா?

அம்மன் சும்மா இருக்கவில்லை. காணாமல் போன யாரோ ஒருவர் வீட்டு ஆடு திரும்பி வந்தது, அம்மன் கொண்டு வந்து விட்டாள் என்றார்கள். யார் வீட்டுப் பிள்ளைக்கோ காய்ச்சல் இறங்கியது, அதுவும் அம்மன்தான். வேன் ஓட்டுகிறவர்கள் நிறுத்திச் சூடம் கொளுத்த ஆரம்பித்தார்கள். மாமா வெள்ளிக்கிழமை கவிச்சியை நிறுத்திவிட்டார். ஒரு நாள் நான் பழைய ஞாபகத்தில் கல்லின் மேல் என் பையை வைத்தேன். "எடும்மா அத்த!" என்று மாமா போட்ட சத்தத்தில் எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. சுற்றி ஆள் இருக்கிறது, நடிக்கிறார் என்று நினைத்தேன். திரும்பிப் பார்த்தால் எங்கள் இரண்டு பேரைத் தவிர யாரும் இல்லை.

ரோடு வேலையை எடுத்தவர்கள் மட்டும் சும்மா இருப்பார்களா? வழியெல்லாம் அம்மனும் முனீஸ்வரனுமாக இருக்கிறது, ஒவ்வொருத்தருக்கும் வளைந்து கொடுத்தால் ரோடு எங்கே போய்ச் சேருவது என்று மேலே புகார் போனது. தண்ணீர் அத்தியாயத்தைத் திறக்காதவர்கள் சாமி அத்தியாயத்தை உடனே திறந்தார்கள். தவிர்க்க முடியாத இடங்களில், ஊர் சம்மதத்தோடு, ஊர் வழக்கப்படி சடங்கு செய்து, புனிதப் பொருளை வேறு இடத்துக்கு மாற்றலாம், அங்கே தகுந்த கட்டடம் கட்டித் தர வேண்டும் என்று புது விதி வந்தது. சார் அதை என்னிடம் கொடுத்து, தமிழில் ஆக்கச் சொன்னார். முதல் வரியைப் படித்ததுமே பேனாவை மூடி வைத்துவிட்டேன். கல்லைத் தூக்கிவிட்டால் அப்புறம் அங்கே காப்பாற்ற என்ன இருக்கிறது? பாலமா? அதுதான் எந்த விதியிலும் இல்லையே. பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்த கதை.

மறுபடியும் மேடத்திடம் ஓடினேன். இந்தத் தடவை உண்மையைச் சொன்னேன். அது சாமி இல்லை, தண்ணீரை அளக்கிற கல், போன வருஷம்தான் மஞ்சள் பூசினோம், உங்களை ஏமாற்றினோம், என்னை வேலையை விட்டுத் துரத்துங்கள், ஆனால் அந்தத் திறப்பை மட்டும் மூடாதீர்கள் என்றேன். மேடம் கோபப்படவே இல்லை. நேற்று ஆரம்பித்த நம்பிக்கையும் நம்பிக்கைதான், அது உண்மையா பொய்யா என்று சொல்ல நாம் யார் என்று கேட்டார். அடப் பாவி மனுஷி! கீழே தெருவில் காவி கட்டின வெளிநாட்டுக்காரர் ஒருவர் இளநீர் குடித்துக்கொண்டிருந்தார். அவரையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

ஊர்க் கூட்டம் என்று நாள் குறித்தார்கள். சம்மதம் கேட்க வேண்டும், அதுவும் ஊர் வழக்கப்படி. சாமி விஷயத்தில் எங்கள் பக்கத்து வழக்கம் பூ கட்டிப் பார்ப்பது. ஒரு பொட்டலத்தில் வெள்ளைப் பூ, இன்னொன்றில் சிவப்புப் பூ. இரண்டையும் சாமி முன்னால் போட்டு, விவரம் தெரியாத குழந்தையை விட்டு ஒன்றை எடுக்கச் சொல்வது. வெள்ளை வந்தால் அம்மன் இடம் மாறச் சம்மதிக்கிறாள். சிவப்பு வந்தால் மாட்டேன் என்கிறாள், அப்புறம் கலெக்டரே வந்தாலும் அசைக்க முடியாது. பொட்டலம் கட்டுவது பூசாரி. பூசாரி எங்கள் மாமா.

எனக்கு உயிர் வந்தது. சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்கணும் என்பார்கள், இங்கே பூசாரி நம்ம ஆள். முதல் நாளே போய் மாமா காலடியில் உட்கார்ந்தேன்.

"மாமா, ரெண்டு பொட்டலத்துலயும் செவப்பே வச்சிடுங்க."

மாமா என்னை ஏதோ கெட்ட வார்த்தை பேசினவளைப் பார்க்கிற மாதிரி பார்த்தார். "சாமிய ஏமாத்தச் சொல்றியாம்மா?"

"எந்த சாமி மாமா? நீங்க மஞ்சள் பூசின சாமி! அக்கா சேலையக் கிழிச்சிக் கட்டின சாமி!"

"பூசினது நான்தான். இல்லைனு சொன்னனா? அன்னிக்கு இந்த வூட்ல உக்காந்து நீ ஒரு வார்த்த சொன்ன. உன் வாயில அந்த வார்த்தய வச்சது யாரு? அத்த என்னிக்காவது நெனச்சிப் பாத்தியா?"

"மாமா, ஏரி போயிடும் மாமா. வயலு போயிடும். கல்ல எடுத்த அன்னிக்கே மண்ண ரொப்பிடுவாங்க."

"அவ இங்கதான் இருக்கணும்னா செவப்பு வரும். அவளே பாத்துக்குவா."

கெஞ்சினேன், திட்டினேன், அவர் காலைப் பிடித்தேன். அந்த மனுஷர் ஒரு சர்க்காரையே ஏமாற்றினவர். தாத்தா காலத்துச் சாமி என்று வெளிநாட்டுக்காரியிடம் கூசாமல் சொன்னவர். தன் கையால் செய்த சாமியிடம் மட்டும் ஒரு பூவைக்கூட மாற்றி வைக்க மாட்டேன் என்று நின்றார். அக்கா அடுப்படியிலிருந்து வந்து என்னைத் தூக்கி நிறுத்தினாள். "அவரு மாட்டாருடி. நானும் கேட்டுட்டேன். விடு," என்றாள்.

கூட்டத்துக்கு ஊரே வந்திருந்தது. சார் வந்தார், மேடம் புடவை கட்டிக்கொண்டு வந்தார். முதலில் நான் விதியைப் படித்துக் காட்ட வேண்டும், படித்தேன். புதுக் கோயிலுக்குத் தளம் போட்டு, தரையில் டைல்ஸ் பதித்து, பக்கத்தில் சின்ன மண்டபமும் கட்டித் தருவார்கள் என்று வந்தபோது பெண்கள் ஒருத்தரை ஒருத்தர் பார்த்துச் சிரித்தார்கள். திறப்பு மூடிப் போகும், ஏரிக்குத் தண்ணீர் வராது என்றும் சொன்னேன். அது தாளில் இல்லை, நானாகச் சொன்னேன். "அம்மன் இருக்கறப்ப தண்ணிக்கு இன்னா கவல?" என்று ஒருத்தர் குரல் கொடுத்தார். அதற்குக் கை தட்டினார்கள்.

மாமா குளித்து ஈரத்துணியோடு வந்து பொட்டலங்களைப் போட்டார். சூடம் ஏற்றினார். ஒரு சின்னப் பெண்ணைக் கல்லின் முன்னால் விட்டார்கள். அப்போது நான் என்ன செய்தேன் தெரியுமா? கையெடுத்துக் கும்பிட்டேன். எந்தக் கல்லின் மேல் உட்கார்ந்து கடலைத் தோலைத் துப்பினேனோ, அந்தக் கல்லைப் பார்த்து, தாயே சிவப்பு கொடு, தாயே சிவப்பு கொடு என்று வாய்விட்டு வேண்டிக்கொண்டேன். எனக்கு வேறு யார் இருந்தார்கள்? சாரைக் கும்பிட்டாயிற்று, மேடத்தைக் கும்பிட்டாயிற்று, மாமா காலில் விழுந்தாயிற்று. மிச்சம் இருந்தது அந்தக் கல்தான்.

அந்தப் பெண் ஒன்றை எடுத்தாள். மாமா பிரித்தார். வெள்ளைப் பூ.

மேளம் அடித்தார்கள். நான் ஒரு மண்மேட்டில் ஏறி நின்று கத்தினேன். "அது அளவுக்கல்லுயா! தண்ணி அளக்கற கல்லு! உங்களுக்கெல்லாம் தெரியும்யா! நேத்து வரிக்கும் அதுமேல துணி காயப் போட்டீங்களேயா!" ஒருத்தரும் என்னைப் பார்க்கவில்லை. எல்லோருக்கும் தெரியும், அந்தக் கூட்டத்தில் தெரியாதவர் சாரும் அந்தக் குழந்தையும்தான். ஒரு அம்மா மட்டும், "நாக்கு அழுவிடும்டி உனுக்கு," என்று மண்ணை வாரித் தூற்றினாள். அக்கா என் வாயைப் பொத்தி இழுத்துக்கொண்டு போனாள். மேடம் கண்ணைத் துடைத்துக்கொண்டார். இப்படி ஊரே கூடி முடிவெடுப்பதைத் தன் வேலையில் எங்கேயும் பார்த்ததில்லை என்று சாரிடம் சொன்னார்.

கும்பாபிஷேகம் தடபுடலாக நடந்தது. கிரேன் கொண்டு வந்து, கல்லுக்கு மாலை போட்டு, பட்டுத் துணி சுற்றி, மேளதாளத்தோடு தூக்கினார்கள். கால்வாயை விட்டுத் தள்ளி, புது ரோட்டோரம், மேட்டில் கோயில். சாப்பாடு முடிந்து இலை எடுப்பதற்குள் லாரிகள் வந்து செம்மண்ணைக் கொட்ட ஆரம்பித்துவிட்டன. கல் பாலம் மூடிப் போவதை நானும் அக்காவும் நின்று பார்த்தோம். சாவுக்கு நிற்கிற மாதிரி நின்றோம்.

ஸ்டாண்டர்ட்ஸ் நல்ல தாளில் புத்தகமாக வந்தது. எங்கள் கும்பாபிஷேகப் படம் அதில் இருந்தது, பெரிய திட்டங்கள் ஊர் மக்களை மதித்து நடக்க இது நல்ல உதாரணம் என்று கீழே எழுதியிருந்தார்கள். படத்தில் அக்காவும் இருந்தாள், ஓரத்தில், முகத்தைத் திருப்பிக்கொண்டு. நான் வேலையை விட்டுவிட்டேன். டவுனில் வீட்டு பிளான் போட்டுக் கொடுத்துப் பிழைக்கிறேன்.

ரோடு போட்ட பிறகும் மழை சரியாக இல்லை. அதனால் ஊரில் யாருக்கும் எதுவும் உறைக்கவில்லை. கிணறு வற்றியது, வானத்தைத் திட்டினார்கள். அக்கா மாடுகளை விற்றாள். வயல் கரம்பாகிவிட்டது. மாமாவுக்குக் கோயிலே கதி. அக்கா தினமும் வேன் ஏறி, ஆசிரமத்துப் பக்கம் ஒரு கெஸ்ட் ஹவுஸுக்குப் போர்வை மாற்றவும் பாத்ரூம் கழுவவும் வர ஆரம்பித்தாள். ஒரு காலத்தில் மேடம் தங்கியிருந்த அதே தெரு. அதை நான் அவளிடம் சொல்லவில்லை.

பிறகு ஒரு வருஷம் கொட்டோ கொட்டென்று கொட்டியது. விடாமல் பெய்த மழைக்கு நடுவில் ஒரு காலையில் மனசு கேட்காமல் பஸ் ஏறி அக்கா ஊருக்குப் போனேன். ரோட்டின் மேல் ஊரே நின்றது. மேற்குப் பக்கம், கண்ணுக்கு எட்டின வரை தண்ணீர். கரட்டிலிருந்து இறங்கின தண்ணீரெல்லாம் ரோட்டில் முட்டி நின்று, பக்கத்து ஊர்க்காரர்களின் கடலைக் கொல்லையை மூழ்கடித்துக்கொண்டிருந்தது. கிழக்குப் பக்கம் எங்கள் ஏரி. அதன்மேல் நேராக விழுந்த மழை அங்கங்கே குட்டையாக நின்றது. அவ்வளவுதான். ரோட்டின் அகலம்தான் இரண்டுக்கும் நடுவில். ஒரு சத்தம் போட்டால் கேட்கிற தூரம்.

கடைக்குப் போய் சாருக்கு போன் போட்டேன். குரலைக் கேட்டதும் சந்தோஷப்பட்டார். விஷயத்தைச் சொன்னேன். "எல்லாம் ஸ்டாண்டர்ட்ஸ்படிதானேம்மா நடந்தது. ஒரு இடத்துலகூட நாம மீறலையே," என்றார். கெஞ்சுகிற மாதிரி இருந்தது. நான் போனை வைத்துவிட்டேன். எனக்கு வாழ்க்கையில் முதல் தடவையாகக் கத்தத் தோன்றவில்லை.

திரும்பி வந்தபோது மாமா கோயில் முன்னால் சூடம் ஏற்றிக்கொண்டிருந்தார். மழையில் அணைந்து அணைந்து போனது, மறுபடி மறுபடி ஏற்றினார். தாடி முழுக்க நரைத்திருந்தது. "தாயே, தண்ணிய இந்தாண்ட அனுப்பு தாயே," என்று உடம்பெல்லாம் நடுங்கக் கத்தினார். பின்னால் நின்ற ஜனங்களும் கும்பிட்டுக் கத்தினார்கள். லாரிகள் ஹார்ன் அடித்துக்கொண்டு போயின, சேற்றை எங்கள் மேல் அடித்துவிட்டு.

அக்கா மட்டும் கும்பிடவில்லை. முந்தானையைத் தலையில் போட்டுக்கொண்டு, டைல்ஸ் பதித்த கோயிலுக்குள் பட்டு கட்டி நின்ற கல்லையே பார்த்துக்கொண்டிருந்தாள். உள்ளே அடித்த சாரலில் அதன் தலையிலிருந்து மஞ்சள் வழிந்துகொண்டிருந்தது.

"கல்லா இருந்த வரிக்கும் தண்ணி வுட்டாடி," என்றாள். "நாமதான் சாமியாக்கிட்டோம்."

அவள் கையைப் பிடிக்கப் போனேன். அதற்குள் டவுன் வேன் வந்துவிட்டது. சீசன் நேரம், ரூமெல்லாம் ஆள் இருக்கு, லேட்டா போனா திட்டுவாங்க என்று சொல்லிக்கொண்டே அக்கா ஓடிப் போய் ஏறிக்கொண்டாள்.